கட்டுத்தரையில் அகப்பட்ட கடையாணி

ரயிலைப் பார்க்காமலே போய்விட்ட என் அம்மாவுக்கு,

உனக்கு எழுத நினைத்தே வருஷங்கள் ஓடிவிட்டன. படித்த பெண் இறந்தவளுக்குக் கடிதம் எழுதுவாளா என்று கூச்சம். இப்போது எனக்கே ஒரு பெண் பிறந்து, அவள் தும்மினால் எனக்குக் காய்ச்சல் வருகிறது. கூச்சமெல்லாம் போயேபோய்விட்டது.

முதலில் ஊர்ச் செய்தி. பொள்ளாச்சி ரயில் நம் வீட்டுக்குப் பின்னாலேயே ஓடுகிறது. நீ மாடு கட்டிய கட்டுத்தரையில் இன்று மாடில்லை, மோட்டார் கார் நிற்கிறது. ரயிலேறுகிற பெரிய மனிதர்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள், அப்பா காவல். பழக்கம் விடாமல் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தட்டுத் தட்டி, "நில்லு, நில்லு" என்கிறார்.

போன மழையில் ஒரு வக்கீலின் மோட்டார்ச் சக்கரம் மூலையில் பொதுக்கென்று இறங்கியது. தூக்கிப் பார்த்தால், ஆள் உட்காருகிற அளவு ஒரு தாழியின் விளிம்பு. செய்தி திருச்சூர் சர்க்கார் ஆபீஸ் வரை போய், பழம்பொருள் ஆராய்கிற இளம் ஆபீசர் ஒருவர் வந்தார். கல்பாத்தி அக்கிரகாரத்துப் பிள்ளை. "இதுக்குக் கீழே ஒரு பழைய ஊரே இருக்கலாம், பாத்துக்கோங்கோ" என்று தரை முழுக்கக் கயிறு கட்டிக் கட்டம் போட்டார். தாழி மூலையில் தண்ணீர் நின்றதால் நடுக் கட்டத்தில் தோண்ட ஆரம்பித்தார்.

நான் சரித்திரம் படித்தவள் இல்லையா? பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு உன் நாத்தனாரான அத்தைக்கு இரும்புக் காலம் பற்றிப் பாடம் நடத்தினேன். அத்தை பயறு புடைத்துக்கொண்டே, "ஆமாங் கண்ணு, ஆமா" என்றாள்.

நடுக் கட்டத்தில் மூடி போட்ட சின்னப் பானை ஒன்று வந்தது. உள்ளே மண், அடியில் துருப்பிடித்த இரும்பு. ஆபீசர் மண்ணிலேயே மண்டியிட்டார். "குழந்தையைப் புதைச்ச பானை. இன்னும் நிறைய இருக்கும்" என்றார்.

சாயங்காலத்துக்குள் நம் கட்டுத்தரை ஊர் வாயில் பிள்ளைச் சுடுகாடாகிவிட்டது. வக்கீல் மோட்டாரை எடுத்துக்கொண்டு போனார். "பச்சை ஒடம்புக்காரி இங்க இருக்கலாமுங்களா?" என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். நான் மூட்டை கட்டத் தொடங்கினேன்.

மறுநாள் காலையில்தான் அப்பா பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது நம்ம வண்டிக் கடையாணியாச்சே."

சக்கரம் கழன்று ஓடாமல் அச்சில் செருகுவோமே, அதுதான். நான் பிறந்த அன்று காணாமல் போனது. உன் தம்பிதான் எடுத்தார் என்று அப்பா இத்தனை காலமாக மாமா வீட்டில் கை நனைக்கவில்லை. நீ ஏனம்மா வாயைத் திறக்கவில்லை?

"என்ன சொல்றேள்?" என்றார் ஆபீசர். அதற்குள் அப்பாவுக்கு விளங்கிவிட்டது. "மாட்டுக்குத் தண்ணி காட்டோணுங்க" என்று நடையைக் கட்டினார். எந்த மாட்டுக்கு?

அத்தையை அடுப்படியில் பிடித்தேன்.

"உன்ற நஞ்சுக்கொடிப் பானைதாங் கண்ணு. நாந்தான் பொதைச்சேன். காத்துக் கருப்பு அண்டாம இரும்பு போடோணுமில்ல? செவுத்து ஆணியப் புடுங்கப் போனேன், உங்கம்மா உட்டாத்தானே? படுத்துட்டே சொன்னா: 'வண்டியில இருக்கறத உருவிட்டு வாங்க. ஊரூராப் போன இரும்பு. எம் பொண்ணும் நாலு ஊரு போகட்டும்.'"

"நேத்தே ஏன் அத்தை சொல்லலை?"

"நீதான் பாடஞ் சொல்லிட்டிருந்தியே."

"பாப்பாவோடது?"

"அடுத்த கட்டத்துல." குரலைத் தணித்தாள். "அதுக்கு ரயில் ரோட்டோரங் கெடந்த ஆணியப் போட்டேன். காலம் மாறிப்போச்சில்ல?"

அந்தப் பானையைத் தோண்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். நான் நம்பாதவள்தான். ஆனால் நம்பாமல் இருப்பது வேறு, மண்வெட்டி விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது வேறு. அன்னிய ஆணிடம் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? காலேஜில் சொல்லித் தரவில்லை. நீயானால் அடுப்படியிலிருந்தே கத்திச் சொல்லியிருப்பாய்.

ஓடினேன். அடுத்த கட்டத்தில் மண்வெட்டி ஓங்கியிருந்தது. பாப்பாவோடு கட்டத்துக்குள் இறங்கி நின்றுகொண்டேன். இங்கிலீஷில் ஆரம்பித்தேன், வரவில்லை. தமிழில் சுற்றி வளைத்தேன்.

"ஏதோ சடங்குன்னு சொல்றேள், இல்லையா?" என்றார்.

"சடங்கில்லைங்க. அந்தப் பானையில இருக்கறது நான் பொறந்தப்பக் கூட வந்தது. நான் நிக்கற எடத்துல இருக்கறது இவளோடது."

அவர் காது வரை சிவந்தார். மண் வெட்டியவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக் குலுங்கினார்கள். அவரே குனிந்து முளைக்குச்சியைப் பிடுங்கினார். "தாழி இத்தனை காலம் காத்திருந்தாச்சு. தண்ணி வத்தட்டும், அதையே பாக்கறேன்" என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு மூலைக்குப் போனார்.

பிறகு என் பானையை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டும் நின்றார். "ஆத்துக்காரி முழுகாம இருக்கா. எந்த இரும்புன்னாலும் பரவாயில்லையா?"

அத்தை வாசற்படியிலிருந்தே சொன்னாள்: "மம்பட்டி மட்டும் வேண்டாஞ் சாமி. பொறக்கறதும் ஊரான் ஊட்டையெல்லாந் தோண்டும்."

வக்கீலின் மோட்டார் திரும்பி வந்துவிட்டது. அப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மாமா வீட்டுக்குப் போய், ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து, இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாராம். மாமா இன்னும் காரணம் தெரியாமல் விழிக்கிறார். ஆணியைத் திருப்பிக் கேட்டார் அப்பா, நான் கொடுக்கவில்லை. பானையோடு மறுபடி புதைத்துவிட்டேன்.

என்னைப் பெற்ற அலுப்போடு படுத்துக்கொண்டு, அன்றைக்கே என்னை வெளியூர் அனுப்ப நினைத்திருக்கிறாய். உனக்குப் பயமே இல்லையா, அம்மா? நான் இவளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுக்கவே யோசிக்கிறேன். ஒருநாள் இவள் தனியாக ரயிலேறத்தான் போகிறாள். ஜன்னலோரம் கை நீட்டாதே என்று ஆயிரம் தடவை சொல்வேன், வண்டி மறைகிற வரை செத்துச் செத்துப் பிழைப்பேன். ஆனால் தடுக்க மாட்டேன். இது உனக்குச் சத்தியம்.

இவளுக்கு அம்மாவாகப் பழகிக்கொண்டிருக்கிற,
உன் மூத்த பெண்.