லாபத்தில் தொலைந்த ஒன்று

என் உயிருக்கு உயிரான, என் உயிரை எடுத்த மாணிக்க மச்சானுக்கு,

நீ போய் இரண்டு ஆடி முடிந்துவிட்டது. அங்கே நல்ல நிழலாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு இதைப் படி. இதுவரை யாரும் நம்பாத, இனி எவரும் நம்பப் போகாத ஒரு கதையைச் சொல்லப் போகிறேன் என்று சங்ககிரி மலையின் மேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன். அடித்த அடியில் மலை அரை அடி இறங்கிவிட்டது. அதற்கும் நீதான் பொறுப்பு.

எல்லாவற்றுக்குமே நீதான் பொறுப்பு. அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய் வருகிறவன் சாக்லேட் கொண்டுவருவான், தலைவலித் தைலம் கொண்டுவருவான். நீ பதினொரு பிளாஸ்டிக் தட்டுகளைக் கொண்டுவந்தாய். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தவரிடம், "சோத்துத் தட்டுங்க, எங்கூட்டுல ஆளு ஜாஸ்திங்க" என்றாயாமே!

தட்டை எறிந்து, தூரத்துக் கம்பத்தில் சங்கிலி தொங்கும் கூடைக்குள் விழவைக்க வேண்டும், குறைந்த எறிகளில் முடிப்பவன் ஜெயித்தவன், இதன் பெயர் டிஸ்க் கோல்ஃப் என்று நீ விளக்கினாய். நான் சிரித்த சிரிப்பில் ஓமலூர்ச் சந்தை மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு தர்மபுரி வரை ஓடின. நீ விட்டாயா? நாமக்கல்லில் உன் லாரி பாடி கட்டும் பட்டறையில், லாரிப் பின்கதவின் டெயில் டோர் சங்கிலியை வெட்டி ஒன்பது கூடைகள் செய்து, என் கடலைக்காட்டில் நட்டுவிட்டுத்தான் ஓய்ந்தாய். முப்பது வருஷம் போர் போடும் ரிக் லாரி ஓட்டி, தேசத்தையே சல்லடையாகத் துளைத்தவன் நான். அக்கடா என்று உட்காரும் வயதில் என்னைத் தட்டுப் பொறுக்க விட்டாய்.

நீ போன பிறகாவது விட்டுவிடுவேன் என்று உன் தங்கச்சி நம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, பேரன் எடுத்த வயசுல தட்டு எறிஞ்சுக்கிட்டுத் திரியறீங்களே, பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"பறக்கும் தட்டு எறங்குதுன்னு சொல்லுவாங்க."

"கெணறு பூராத் தட்டுதான் கெடக்குது. ஒரு நாளைக்கு மோட்டாரைப் போட்டாத் தண்ணிக்குப் பதிலாத் தட்டுத்தான் வரப் போகுதுங்க."

இவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? "ரெண்டு பேருல ஒருத்தனாச்சும் பெரிய போட்டிக்குப் போயிரணும் மாப்ளே" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என் கையைப் பிடித்துச் சொன்னாயே, அதைச் சொல்லவா? சொன்னால் அழுவாள். அதனால் பறக்கும் தட்டையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருஷம் அறுபதைத் தாண்டியவர்களுக்கென்று தேசியப் போட்டி. அதற்குத் தகுதிச் சுற்று எங்கே தெரியுமா? நம் கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலையடிவாரத்துப் புளியந்தோப்பில். முதல் இரண்டு பேருக்குத்தான் இடம். உன் நீலத் தட்டு இருந்தால் நன்றாக இருக்குமே என்று உன் வீட்டுக்குப் போனேன். அக்கா அதைத் தயிர்ச்சட்டிக்கு மூடியாகப் போட்டிருக்கிறார்!

"எடுத்துக்க சாமி. ஆனா சாயங்காலம் கொண்டாந்துரோணும். பூனை பொல்லாதது."

உலகச் சரித்திரத்தில், தயிர் வாசத்தோடு தகுதிச் சுற்றுக்குப் போன முதல் வீரன் நான்தான்.

என்னோடு சேர்த்து மூன்று பேராக அனுப்பினார்கள். ஆத்தூர்க்காரர் ஒருவர் நாலாவது கூடையிலேயே முழங்கால் பிடித்துக்கொள்ள, ஆட்டோ ஏறிவிட்டார். மிஞ்சியவர் சுந்தரேசன், சென்னை, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். என் அட்டையில் அவர் எண்ணிக்கை எழுத வேண்டும், அவர் அட்டையில் நான். ஒவ்வொரு கூடையையும் மூன்று எறியில் முடித்தால் அது ஒழுங்கான ஆட்டம். பதின்மூன்று கூடை வரை நான் ஒழுங்காகவே ஆடினேன். வெயிலில் புளியமரங்களே நிழல் தேடி நகர்ந்துகொண்டிருந்தன. என் தோள்பட்டை போட்ட சத்தத்தில் அஸ்தம்பட்டியில் இரண்டு பேர் டயர் வெடித்ததென்று வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். ஆனாலும் ஆடினேன்.

பதினாலாவது கூடை மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது. மேலாளர் எறிந்த தட்டு சீமைக்கருவேல முள்ளுக்குள் போய்விட, தேடிக்கொண்டு அவரும் உள்ளே போய்விட்டார். நான் உன் நீலத்தை எடுத்தேன். துடைத்தேன். எறிந்தேன். அது மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வரிசை தப்பாமல் ஏறி, ஏற்காட்டு ஏரியில் முகம் பார்த்து, ஒரு காப்பி குடித்துவிட்டு, இறங்கி வந்து கூடைக்குள் உட்கார்ந்தது. ஒரே எறி!

"எத்தனை சார்?" என்று முள்ளுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"லாபமுங்கோ!" என்று கத்தினேன்.

"சூப்பர் சார்!" என்று அவரும் கத்தினார்.

கடைசியில் அட்டையை நீட்டினார்கள். கண்ணாடி வண்டியில் இருந்தது. தேசத்தையே துளைத்தவனுக்கு எதற்குக் கண்ணாடி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். முடிவை வாசித்தார்கள். இரண்டாம் இடம் சுந்தரேசன். மூன்றாம் இடம் நான். வித்தியாசம் ஒரே ஒரு எறி! அட்டையை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால், பதினாலாவது கட்டத்தில் 'இரண்டு' என்று இருக்கிறது.

"ஏனுங்க, இதென்னங்க ரெண்டு?"

"நீங்கதானே சார் லாபம்னு சொன்னீங்க? முப்பத்தஞ்சு வருஷம் பேங்க்ல இருந்தவன் சார் நான். மூணு ஆக வேண்டியது, அதுல ஒண்ணு மிச்சம். அதான் லாபம். ரெண்டுன்னு போட்டேன்."

"லாபம்னா ஒண்ணுங்க!"

"லாபம்னா எப்படி சார் ஒண்ணு ஆகும்?"

போட்டி நடத்துகிற அம்மாவிடம் போய் நின்றேன். "ஐயா, கையெழுத்துப் போட்டுட்டீங்களே. போட்டா முடிஞ்சுதுங்க" என்றார். ஒன்று ஒன்றாகவே எழுதப்பட்டிருந்தால் நானும் மேலாளரும் சமம். இன்னொரு கூடைக்கு எறிந்து யாரென்று முடிவு செய்திருப்போம். மேலாளர் நல்ல மனுஷன். நிஜமாகவே முகம் வாடிவிட்டது. "ஒண்ணுன்னு சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். களத்தில் வள்ளத்தால் கடலை அளக்கும்போது முதல் அளவை 'ஒண்ணு' என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'லாபம்' என்று தொடங்கி, பிறகுதான் ரெண்டு, மூணு. சரி, அது களம். அந்த வழக்கத்தைத் தட்டுக்குக் கொண்டுவரச் சொன்னது யார்? "ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணோட நின்னு போயிரும் மாப்ளே, லாபம்னு சொல்லு, பெருகும்" என்று முதல் நாளே என் வாயைப் பழக்கியவன் நீ. அட மடையா, இந்த ஆட்டத்தில் ஒன்றோடு நின்று போவதுதானே மோட்சம்! எண்ணிக்கை பெருகினால் தோல்வி! இத்தனை வருஷம் கத்திக் கத்தி ஆடினோமே, ரெண்டு பேரில் ஒருவருக்காவது இது உறைத்ததா? எனக்குத்தான் உறைக்கவில்லை, பட்டறை வைத்திருந்த உனக்குமா?

வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் தங்கச்சி தோசையைத் திருப்பிக்கொண்டே, "ஒரே எறியிலயா? நீங்களா? போன மாசம்தானுங்க, தட்டு பட்டு எருமை பறந்துச்சுன்னு சொன்னீங்க" என்றாள். ஓமலூர் டீக்கடையில் சொன்னேன். ஒருவர் விடாமல் சிரித்தார்கள். நான் சொல்வதில் எது புளுகு, எது நிஜம் என்று பிரிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, "சத்தம் எப்படி இருந்துச்சு மாப்ளே?" என்பாய். புளுகென்றால் நான் இடி, மின்னல் என்று ஆரம்பித்துவிடுவேன். இப்போது அதைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த வருஷமும் போவேன். முழங்கால் ஒத்துக்கொள்ளாவிட்டால் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டையைப் படிப்பேன். முதல் எறியை, களத்துச் சாமி கோபித்தாலும் சரி, "ஒண்ணு" என்றுதான் கத்துவேன்.

மலை இறங்கவில்லை மச்சான். மாடு ஓடவில்லை. தட்டு ஏற்காட்டுக்கும் போகவில்லை, காப்பியும் குடிக்கவில்லை. புளியமரத்துக்கு இடப்பக்கம் லேசாக வளைந்து, கண்ணுக்கு மறைந்தது. சங்கிலி ஒரே தரம் சிலுங்கென்றது. நம் டெயில் டோர் சங்கிலி மாதிரி கனமாக இல்லை, கொலுசு மாதிரி. நடந்து போய்ப் பார்த்தேன். நீலமாக உள்ளே கிடந்தது. அது மட்டும் நிஜம்.

ஒன்று.

இப்படிக்கு,
தயிர்ச்சட்டி மூடியைச் சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்ட,
உன் தங்கச்சி புருசன்