அமுக்குவான்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் வந்தது. விடியும் நேரம். கண் திறந்திருக்கிறது; ஜன்னல் தெரிகிறது, நாற்காலியில் போட்ட துண்டு தெரிகிறது. கதவோரம் ஒருவன் நிற்கிறான். பிறகு நெஞ்சின்மேல் பாரம். கத்தப் பார்த்தேன், குரல் எழவில்லை. தெருவில் பால் வண்டி ஹாரன் அடித்ததும் எல்லாம் கலைந்தது.

வேலைக்குப் போனேன். ஆய்வுக்கூடத்தில் சோதனைக்கு வந்த தண்ணீர் மாதிரிகள் வழக்கத்தைவிட அதிகம். எதிலும் தப்பு வரவில்லை. ஆக, மூளை வேலை செய்கிறது. அப்படியென்றால் நின்றவன் யார்?

மார்ச் 5, வியாழன்

அந்தப் பெயரை எழுதிப் பார்க்கிறேன். ஸ்கிசோஃப்ரினியா. எம்.எஸ்சி. முடித்த கையோடு வந்தது. குரல்கள் மாத்திரையில் அடங்கி வெகுகாலம் ஆகிறது. மறுபடி தொடங்குகிறதோ?

டாக்டரிடம் சொன்னால் மாத்திரையைக் கூட்டுவார். போன தடவை கூட்டியபோது கை நடுங்கியது. மாதிரித் தண்ணீரில் ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் கணத்தில் குழாயை மூடுகிற வேலை என்னுடையது. நடுங்கும் கைக்கு அங்கே இடமில்லை. ஆய்வுக்கூடத்தை விட்டால் எனக்கு வேறென்ன இருக்கிறது?

சொல்லப்போவதில்லை.

மார்ச் 9, திங்கள்

தூங்காமல் இருந்தால் வராது என்று கணக்குப் போட்டு விழித்துக் கிடந்தேன். நேற்று மதியம் சோபாவில் சாய்ந்ததும் வந்துவிட்டது. பட்டப்பகலில்! பெரிய கெட்டிக்காரி நான்.

மார்ச் 14, சனி

தங்கை கண்டுபிடித்துவிட்டாள். அவள் வீட்டு மாடியில் இருந்துகொண்டு அவளிடம் எதை மறைக்க?

"கண்ணாடியில உன் கண்ணப் பாத்தியா? யாரோ ரெண்டு குத்து விட்ட மாதிரி இருக்கு."

"வேலை ஜாஸ்தி."

"என்கிட்டயே கதை விடாதக்கா."

சொல்லிவிட்டேன். கதவோரம் நிற்பவன், பாரம், எழும்பாத குரல், எல்லாம். அழுவாள் என்று நினைத்தேன். கையில் கரண்டியோடு என்னையே பார்த்தாள்.

"அக்கா, இது அமுக்குவான்."

"என்ன வான்?"

"அமுக்குவான் பேய். எனக்கு காலேஜ் படிக்கும்போதே வரும். என் வீட்டுக்காரருக்கும் வந்திருக்கு. கத்துறதா நெனச்சுக்கிட்டு ஆட்டுக்குட்டி மாதிரி முனகுவாரு, பாவம்."

சின்ன வயதில் காதில் விழுந்த சொல்தான். எனக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றியதேயில்லை.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவகூட சொல்லலையேடி."

அடுப்பைச் சிறியதாக்கினாள். "உன் முன்னாடி பேய், கனவு, நிழல்னு எதையும் பேசக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. நீ பயந்துருவியாம்."

பேய் என்று ஒன்று கிடையாது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஊருக்கே தெரிந்த ஒரு சொல்லை என்னிடமிருந்து மட்டும் ஒளித்து வைத்திருக்கிறார்கள் — அன்பால்தான். அதுதான் வலிக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

அவளுக்கு வந்தால் அமுக்குவான். எனக்கு வந்தால் வியாதி. டாக்டர் அப்படித்தானே எழுதுவார்?

மார்ச் 18, புதன்

தங்கை இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் கேட்டதை யாரும் இதுவரை கேட்டதில்லை. நான் உட்பட.

"அந்த நேரத்துல கைய அசைக்க முடியுதா?"

"இல்ல."

"அசைஞ்சதும்?"

"எல்லாம் போயிடுது."

"நல்லா முழிச்சிருக்கும்போது, வேலை பாக்கும்போது, எதாவது தெரியுதா? குரல் கேக்குதா?"

"இல்ல."

பேனாவை மூடி வைத்தார். "இது தூக்கத்துல வர்ற முடக்கம். கண்ணு முழிச்சிருச்சு, உடம்பு இன்னும் முழிக்கல. பாதிக் கனவு வெளியில தெரியுது. உங்க வியாதி இருக்கிறவங்களுக்கும் வரும், இல்லாதவங்களுக்கும் வரும். சில சமயம் நாங்களே குழம்பி மாத்திரையக் கூட்டிடுறது உண்டு."

"இப்பக் கூட்டலையா?"

"கூட்டல, குறைக்கல. முதல்ல தூங்குங்க. தூங்காம இருக்கிறது அதை விருந்துக்குக் கூப்பிடுற மாதிரி. மல்லாந்து படுக்காம ஒருக்களிச்சுப் படுங்க."

"எனக்கும் இது வரும். அப்ப எனக்கு, டாக்டர்?" என்றாள் தங்கை.

"உங்களுக்கும் அதே வைத்தியம்தாம்மா."

வராந்தாவில் என் காதைக் கடித்தாள். "உன் ஆளு எப்படி, நல்ல உயரமா?"

"முகமே சரியாத் தெரியல, உயரத்த எங்க அளக்க? உன் ஆளு?"

"எனக்கு ஆளே கிடையாதுக்கா. வெறும் கை மட்டுந்தான்."

"நல்லது. சோறு போட வேண்டாம்."

சிரிப்பு அடங்கவில்லை. மனநலப் பிரிவின் வாசலில் இரண்டு பெண்கள் இப்படிச் சிரித்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? நினைத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 26, வியாழன்

தூங்கினேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

வந்தது. பயந்தேன், பொய் சொல்வானேன். கால் கட்டைவிரலை அசைக்கப் பார்த்தேன், பார்த்தேன் — அசைந்தது. அவன் இல்லை. புரண்டு படுத்து அப்படியொரு தூக்கம் தூங்கியிருக்கிறேன், வேலைக்குத் தாமதம். பிரிவுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "தூங்கிட்டேன் சார்" என்றேன். இவ்வளவு சந்தோஷமாக யாரும் அவரிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் தங்கை மாடிக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு கெட்ட கனவு கண்டேன்க்கா. மனசே சரியில்ல. சொல்லட்டுமா?"

"சொல்லு."

பெரிய கூட்டத்தில் மகனைத் தேடுகிறாளாம். யாரைக் கேட்டாலும் அவளைப் பார்க்காததுபோல் விலகிப் போகிறார்களாம். சொல்லும்போதே அழுதாள். நான் எதையும் விளக்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கீழேயிருந்து அவள் கணவர் சாப்பிடக் கூப்பிட்டார்.

"இருங்க, வர்றேன்" என்று குரல் கொடுத்தாள். "அக்காகிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்."