மேல்பக்கம் இல்லாத கடிதம்

சார்ஜன்ட் அண்ணை,

இன்று காலை உங்கள் சட்டை என் மேசைக்கு வந்தது. கொண்டுவந்தவன் கொன்ஸ்தாபிள் நிமல். வருகிற கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருடம், ஆட்டைத் திவசம். படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், ஒருமுறை தோய்த்து மினுக்கித் தரச் சொல்லி உங்கள் மனைவி உயிலங்குளத்திலிருந்து கொடுத்துவிட்டிருக்கிறார்.

விரித்ததும் வேறு ஒருவருடைய கஞ்சி மணத்தது. என்னுடையது அரிசிக் கஞ்சி. இது கடையில் விற்கிற மா, இலேசாக இனிப்பு மணம் இருக்கும். கடைசியாக உங்களை மாற்றிவிட்ட அந்தக் காட்டுப் பக்கத்தில், உங்களைத் தெரியாத யாரோ உங்கள் உடுப்பைத் தோய்த்திருக்கிறான். கொலரைப் பலகை போல ஆக்கி வைத்திருக்கிறான். ஆனால் கொலருக்கு உள்ளே நான் போட்ட குறி அழியவில்லை. மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அயன்பெட்டி ஆறிப்போய்விட்டது.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். "சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ அப்பா" என்கிறாள். ஆறு வருடம் உங்களோடு சுற்றி வளைத்தே கதைத்துவிட்டு, இப்போது நேராகச் சொன்னால் வேறு யாரோ கதைக்கிறான் என்று நினைத்துவிடுவீர்கள்.

நாங்கள் பழகியதே ஒரு கழுதையால்தானே. கொடியில் காயப்போட்ட பொலிஸ் காற்சட்டை ஒன்றைக் கழுதை இழுத்துக்கொண்டு பெருக்கமரத்துப் பக்கம் ஓடிவிட்டது. அரசாங்க உடுப்பாயிற்றே, என்னைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயந்து நானே பொலிசுக்கு வந்து சொன்னேன். நீங்கள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் கொப்பியைத் திறந்தீர்கள்.

"சந்தேக நபர் என்ன நிறம்?"

"சாம்பல் நிறம், ஐயா."

"முந்தியும் உம்மோட கோபதாபம் இருந்ததோ?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அடுத்த நாள் காற்சட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தீர்கள். ஒரு கால் இல்லை. அன்றிலிருந்து நீங்கள் எனக்கு அண்ணை, நான் உங்களுக்குச் சூசை.

உங்கள் ஆட்கள் எல்லாருடைய உடுப்பும் என்னிடம்தான் வரும். பெயரை வாசிக்கத் தெரியாதவன் என்றபடியால் ஆளுக்கொரு குறி போட்டு வைத்திருந்தேன். நிமலுக்கு ஒரு வளையம். அவன் மாத்தளைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, என்னிடம் தமிழ் படித்தவன். அதனால்தான் அவனுடைய தமிழில் மீன்காரர் பேச்சுக் கூடுதல் என்று நீங்கள் பகிடி பண்ணுவீர்கள்.

என் கடை வாங்கில் அவர்கள் காத்திருக்கும்போது வருகிற கதையெல்லாம் என் காதில் விழும். பதினைந்து வருடம் சேவை செய்த ஒருவர், கடமை நேரத்தில் பெரியவர் வீட்டு யன்னல் சீலையை மடியில் வைத்துக்கொண்டு அதே வாங்கில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர் என்றால் உங்களுக்கு மேலே இருந்த அதிகாரி. அந்த மனிதர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் சீலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கஞ்சி போடவா வேண்டாமா என்பதைத் தவிர.

கிழமைக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். அதிகாரிமாரின் வீட்டு வேலைக்கு அனுப்பக் கூடாது. மற்றவர்களுக்கு முன்னால் தூஷணத்தால் ஏசக் கூடாது. இதையெல்லாம் சொல்வதற்கு ஒரு சங்கம் வேண்டும். இவ்வளவுதான் நீங்கள் எல்லாரும் கேட்க நினைத்தது. மற்ற அரசாங்கக் கந்தோர்களில் இருக்கிறதுதானே, இதில் என்ன பயம் என்று நான் கேட்டேன். அப்போது நீங்கள் சொன்னீர்கள்:

"ஆர் முதல் ஒப்பம் வைச்சவன் எண்டுதான் பாப்பினம், சூசை. தலை தெரியாத கடிதமா எழுத வேணும்."

அதற்குத்தான் என் கஞ்சித் தகரத்தின் மூடி தேவைப்பட்டது. கடிதத்தின் நடுவில் கேட்க வேண்டியதை மேல் கீழ் தெரியாமல் சுற்றிச் சுற்றி நாலு வரியில் எழுதிவிட்டு, மூடியைக் கவிழ்த்து அதைச் சுற்றி வட்டம் கீறினீர்கள். வெயிலின் கதிர் போல அந்த வட்டத்தைச் சுற்றி எல்லாரும் ஒப்பம் வைக்க வேண்டும். முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை. மூடியைத் தூக்கும்போது ஒரு சொட்டுக் கஞ்சி தாளின் ஓரத்தில் விழுந்தது. வேறு தாள் எடுப்போம் என்றான் நிமல். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று இந்த ஒன்றரை வருடமாக யோசிக்கிறேன்.

தாள் என் மினுக்குகிற போர்வைக்குக் கீழே இரண்டு கிழமை இருந்தது. உடுப்பு எடுக்க வருகிறவன் உடுப்போடு ஒப்பத்தையும் முடித்துக்கொண்டு போவான். சிங்களத்திலும் இருந்தது, தமிழிலும் இருந்தது. எனக்கு இரண்டும் எறும்பு வரிசைதான். கடைசியாக நீங்கள் வைத்தீர்கள். ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது, கஞ்சிக் கறைக்கு நேர் எதிரே. மற்றவர்களுக்கு விரலால் இடம் காட்டியவர் நீங்கள் என்றுதான் ஞாபகம். இல்லை, நிமல் காட்டினானோ. ஒருநாள் அப்படித் தெரிகிறது, ஒருநாள் இப்படித் தெரிகிறது.

வெள்ளிக்கிழமைகளில் பெரியவரின் உடுப்பை நான்தான் அவருடைய குவாட்டர்ஸுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. அதற்கு மேலேயே கடிதத்தையும் வைத்துவிட்டால், கொடுத்த கை யாருடையது என்றும் தெரியாது. அப்படித்தான் பேச்சு.

இனி என் பிழையைச் சொல்கிறேன். இரண்டு கிழமை போர்வைக்குள் கிடந்த தாள், வேர்வை பட்டுக் கசங்கியிருந்தது. ஒரு பெரிய மனிதரின் கையில் அப்படிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அயன்பெட்டியை மெல்ல வைத்து இழுத்தேன். பிறகு சட்டைப்பையில் வைக்கிற லேஞ்சி மடிப்பது போல நாலாக மடித்தேன். கறை இருந்தால் அது அடிப்பக்கம் போகும்படி மடிப்பது என் பழக்கம். கை தானாகச் செய்துவிட்டது. தலை இல்லாத கடிதத்துக்கு நான் ஒரு தலை வைத்துவிட்டேன்.

பெரியவர் எனக்கு முன்னாலேயே அதை விரித்தார். வட்டத்தைப் பார்த்ததும் கழுத்தை ஒரு பக்கம் சரித்தார், தாளைத் திருப்பப் போனார். பிறகு திருப்பவில்லை. நான் மடித்துக் கொடுத்த வாக்கிலேயே பிடித்துக்கொண்டு, உச்சியில் நேராக நின்ற பெயரை வாசித்தார். உங்கள் பெயர்.

"ஓ, இவர்தான் தலைவரோ" என்றார். சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்து, "நல்லா மினுக்கியிருக்கிறீர்" என்று சொன்னார். உடுப்பையா தாளையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே நடந்தது. காலை அணிவகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வெயிலில் நிற்க வைத்தார்களாம். சார்ஜன்ட் வெருட்டித்தான் ஒப்பம் வாங்கினார் என்று எழுதிக் கொடுத்தால் போகலாமாம். ஒருவருடைய மனைவிக்குத் தொலைபேசியில், புருஷனுக்கு வேலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார்களாம். இன்னொருவர் தன் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு எடுத்த லீவை அன்று காலையே வெட்டினார்கள். ஒவ்வொருவராக எழுதிக் கொடுத்தார்கள். நிமல் கொடுக்கவில்லை. அவனைக் கடற்கரையோரக் காவல் கொட்டிலில் நாலு மாதம் வைத்தார்கள். உப்புக் காற்றில் அவனுடைய பெல்ட் கொளுவி துருப்பிடித்து என் கையோடு உடைந்தது.

என் வாங்கு வெறுமையாகிவிட்டது. உடுப்புக்கு ஆளை அனுப்பினார்கள், தாங்கள் வரவில்லை. ஒருவர் மட்டும் வந்து, குரலைத் தாழ்த்தி, "என்ர உடுப்ப சார்ஜன்ட்டின்ர பொட்டளியோட வைக்காதேங்கோ" என்றார். உங்களோடு ஒரே கோப்பையில் சோறு தின்ற மனிதர். அவர் கெட்டவர் இல்லை அண்ணை, அதுதான் எனக்கு விளங்கவில்லை. போகும்போது அவருடைய கண் கலங்கியிருந்தது.

ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்த உங்களுக்கு மாற்றம் வந்தது. ஊர் ஊராக அலைந்து கடைசியில் வீட்டுக்குக் கிட்ட வந்தவர் நீங்கள். முழங்கால் ஒப்பரேசன் செய்த மனைவியைக் கிணற்றடிக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகத்தான் அந்த வேலையில் பொறுமையாக இருந்தீர்கள். இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் எடுத்துப் போகிற இடத்துக்கு உங்களை அனுப்பினார்கள்.

மன்னார் பஸ் நிலையத்துக்கு உங்கள் கடைசி உடுப்புப் பொட்டளியோடு வந்தேன். மடித்த கதையை அங்கேதான் சொன்னேன். கறையைக் கீழே விட்டது, உங்கள் பெயர் மேலே போனது, எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் பொட்டளியை என் கையிலிருந்து வாங்கினீர்கள்.

"நீ எல்லாக் கறையையும் கீழதானே மடிப்பாய், சூசை" என்றீர்கள். சிரித்தீர்கள். ஏறிவிட்டீர்கள்.

அவ்வளவுதான். என் பழக்கம் தெரிந்துதான் அந்த இடத்தை உங்களுக்கு என்று விட்டு வைத்தீர்களோ? எப்படியும் ஒருவன் அகப்படத்தான் போகிறான், அது நானாக இருக்கட்டும் என்று நினைத்தீர்களோ? அல்லது நான் சொன்ன அந்த நிமிடத்தில்தான் விளங்கி, என்னை நோகடிக்காமல் இருக்க அப்படிச் சொன்னீர்களோ? அல்லது, மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, அதுதான் என்னைத் தின்கிறது: கோபத்தை அப்படிச் சிரித்துக் காட்டினீர்களோ? ஊருக்கு வரும்போது கேட்கலாம் என்று இருந்தேன். நீங்கள் போன ஆறாம் மாதம் நெஞ்சுவலி என்று செய்தி வந்தது. அணிவகுப்புக்கு உடுத்திக்கொண்டிருக்கும்போது விழுந்தீர்களாம்.

கல்லறைத் திருநாளன்று எங்கள் கோவிலில் உங்களுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். சைவக்காரருக்குச் சரிவருமோ என்று பங்குச் சுவாமியிடம் கேட்டேன். கொளுத்தலாம், ஆனால் காற்றுக்கு நூர்ந்தால் திரும்ப வந்து கொளுத்த வேண்டும் என்றார். மூன்று தரம் நூர்ந்தது. மூன்று தரமும் கொளுத்தினேன்.

இன்று நிமல் சட்டையைத் தந்துவிட்டுப் போகவில்லை. வாங்கில் இருந்தான். பெரியவர் இன்னும் பெரிய இடத்துக்குப் போய்விட்டாராம். புதிதாக வந்தவருக்கும் யன்னல் சீலை இருக்கிறதாம்.

"சூசை அண்ணை, அந்த மூடி இருக்கோ?" என்று கேட்டான்.

எழுதிக் கொடுத்தவர்களிலும் சிலர் இந்தமுறை ஒப்பம் வைக்க வருவார்களாம். உங்கள் பொட்டளியோடு வைக்க வேண்டாம் என்றவரும் வருவாராம். மூடி இருக்கிறது, தினமும் கஞ்சியை அதனால்தானே மூடுகிறேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் மகள் இருக்கிறாள், கடை இருக்கிறது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஒரு இடம் எனக்கு விடு" என்றேன்.

"நீங்கள் பொலிஸ் இல்லையே."

"நான் வைக்கப் போறது என்ர ஒப்பம் இல்லை."

கொலரைத் திருப்பிக் குறியைக் காட்டினேன். மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. இந்தமுறை கஞ்சி சிந்தினாலும் சிந்தாவிட்டாலும், மடித்தால் உச்சியில் அதுதான் வரும். அப்படி மடிக்க எனக்குத் தெரியும். அவன் சிரிக்கத் தொடங்கினான், பிறகு நிறுத்தினான்.

"இது ஆர் எண்டு கேட்டால்?"

"உடுப்புக் குறி எண்டு சொல்லு. விசாரிச்சு ஆளைக் கண்டுபிடிக்கட்டும். இனி அவரை எங்க மாத்தப் போகினம்?"

சொல்லும்போது பெரிய கெட்டிக்காரன் போல இருந்தது. அவன் போனபிறகு அப்படி இல்லை. போனமுறை உங்களைக் கேட்காமல் மேலே வைத்தேன். இந்தமுறையும் உங்களைக் கேட்காமல்தான் வைக்கப் போகிறேன். இது உங்களுக்குச் செய்கிற மரியாதையா, செய்த பிழையையே இரண்டாம் தரம் செய்கிறேனா என்று தெரியவில்லை. மகளைக் கேட்டால், அதையும் அப்படியே எழுதுகிறாள்.

சட்டையைத் திரும்பத் தோய்த்து, அரிசிக் கஞ்சி போட்டு, மினுக்கி முடித்துவிட்டேன். மடிக்கக் கை போகவில்லை. ஹாங்கரில் கொளுவி, அப்படியே கையில் பிடித்துக்கொண்டு உயிலங்குளம் பஸ்ஸில் ஏறப் போகிறேன். கொலருக்குள் இருக்கிறது என்னவென்று உங்கள் மனைவி கேட்டால், அது இவருடைய பெயர் என்று சொல்வேன். அதோடு விட முடியாது, மடித்த கதையையும் சொல்ல வேண்டும், இனி நான் செய்யப் போவதற்கு அவரிடமாவது கேட்கவும் வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை அண்ணை.

சூசை