கேபிள் இறுகவில்லை, அண்ணா

என் அன்பு அண்ணாவுக்கு,

நீங்கள் போய் இந்த மாதத்தோடு ஐந்து வருடம். சண்டை இன்னும் முடியவில்லை. கொஞ்சக் காலம் இல்லாமல் இருந்த செக் பொயின்ட்கள் திரும்பவும் வந்துவிட்டன. வெள்ளவத்தையில் நம் வீட்டுக்கு யாராவது வந்து தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும். எனக்குக் களைப்பாக இருக்கிறது. வேறு செய்தி பெரிதாக இல்லை.

உங்கள் கொட்டாஞ்சேனைக் கராஜை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன கிழமை ஒரு டொக்டர் தன் புதுக் காரைக் கொண்டுவந்து விட்டார். அதில் அக்ஸிலரேட்டருக்குக் கேபிளே இல்லை. காலை வைத்தால் வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் செய்தி போகிறது. அது எஞ்சினுக்குச் சொல்கிறது. நல்ல வேகம். ஆனால் கால் வைத்ததற்கும் கார் பாய்ந்ததற்கும் நடுவில் ஒரு சின்ன வெறுமை. அதை உணர்ந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டேன். அந்தப் பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் ஞாபகம் வந்துவிட்டது.

சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் உங்கள் வலது கால் சூம்பியிருந்தது. எஞ்சினைத் திருத்துவது நீங்கள், ஓட்டிப் பார்த்துச் சொல்வது நான். ரேஸ் ஓடுகிறவர்கள் எல்லாம் உங்களைத் தேடி வந்த காலம் அது. அவர்களில் ஒருவர் இரண்டு கார் வைத்திருந்தார். ஒன்று அறுபதுகளில் செய்த, இரட்டைக் காபரேட்டர் போட்ட இங்கிலீஷ் கார். மற்றது அப்போது புதிதாக வந்திருந்த ஜப்பான் டேர்போ. காலுக்கு உடனே பதில் சொல்வது எது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார்.

ஒருகொடவத்தையில் ஒரு கொன்டெய்னர் யார்ட் போயாவுக்கு மூடியிருந்தது. அங்கே இரண்டையும் மாறிமாறி ஓட்டினேன். பழையது பெருவிரல் அசைந்தாலே அசைந்தது. கொஞ்சம் அழுத்தினால் கொஞ்சம், கூட அழுத்தினால் கூட. டேர்போ முதலில் சோம்பிக் கிடந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, யாரோ முதுகில் தள்ளியதுபோலப் பறந்தது. உங்கள் கைக்கடிகாரத்தின்படி கடைசி மதிலுக்குச் சீக்கிரம் போனது அதுதான்.

"பழசு மெதுவு, ஆனா நீ சொல்லேக்க செய்யுது. இது நீ சொல்லி முடிச்சாப் பிறகு செய்யுது," என்றீர்கள். "வீட்டுக்குப் பழசைக் கொண்டு போவம்."

நான் கேட்கவில்லை. கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் வீதியில் நாலு பேர் பார்க்க அந்தப் புதுக் காரில் போக வேண்டும் என்று எனக்கு ஆசை.

வெள்ளவத்தை செக் பொயின்ட்டில் அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். காலை வைத்தேன். கார் ஊர்ந்தது. பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடித்தார். நீங்கள் பொறு என்றீர்கள். நான் பொறுக்கவில்லை, இன்னும் அழுத்தினேன். கார் பாய்ந்து முன்னால் இருந்த தார்ப் பீப்பாவை இடித்தது. ஒரு ஆமிக்காரர் விலகப் போய் விழுந்தார். இரண்டு பக்கக் கண்ணாடியிலும் துவக்குகள் எங்களை நோக்கி நீண்டன.

கைத்தடியை ஊன்றி இறங்கிச் சிங்களத்தில் நீங்கள் சொன்னது இதுதான்: "தங்கச்சியில பிழையில்லை, மாத்தயா. அக்ஸிலரேட்டர் கேபிள் இறுகிப்போச்சு. நான்தான் பூட்டினனான்."

என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பையில் வயரும் ஸ்பானர்களும் வைத்திருந்த உங்களைச் சந்தேகப்பட்டுக் கொண்டு போனார்கள். உங்கள் படத்தோடு அம்மாவும் நானும் நாலு நாள் அலைந்தோம். ஐந்தாம் நாள் நீங்களாகவே வந்து, சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டீர்கள். அங்கே என்ன நடந்தது என்று ஒருநாளும் சொல்லவில்லை.

நீங்கள் பூட்டிய கேபிள் இறுகிவிட்டதாம் என்ற கதை பரவியது. ரேஸ்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அந்த இரண்டு கார் வைத்திருந்தவரும் வரவில்லை. பிறகு வானும் முச்சக்கர வண்டியும்தான் உங்களுக்குக் கிடைத்த வேலை. ஒருநாள் சாப்பிடும்போது அம்மாவே சொன்னா, "கொஞ்சம் பாத்துப் பூட்டியிருக்கலாம்தானே, தம்பி."

சோற்றைப் பிசைந்தபடி, "ஓம் அம்மா," என்றீர்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

முதலில் பயம். உண்மை வெளியே வந்தால் என்னைத் தேடி வருவார்கள் என்று நினைத்தேன். பிறகு வெட்கம். பிறகு உங்களுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் மூன்று நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. நாம் தனியாக இருந்த எத்தனையோ நேரத்தில் ஏன் அண்ணா நீங்கள் ஒரு சொல்லும் கேட்கவில்லை? நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தீர்களா?

உங்களைத் தெரிந்தவர்கள் வாசிக்கட்டும் என்றுதான் இதைப் பேப்பருக்கு எழுதுகிறேன். அந்தக் கேபிள் இறுகவில்லை. நீங்கள் பூட்டிய எதுவும் ஒருநாளும் இறுகவில்லை. அவசரப்பட்டது நான்.

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. இது அச்சாகி வரும்வரை காத்திருக்க மாட்டேன். நாளைக்குக் காலையில் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்து நானே வாசித்துக் காட்டுவேன். அவ அழுதாலும் ஏசினாலும் நடுவில் நிறுத்தமாட்டேன்.

உங்கள் ஒரே தங்கச்சி