டீச்சரின் புதுத் துணை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? என் பாப்பா உன்னிடம் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

நான் பார்த்துக்கொள்ளும் பார்வையில்லாத டீச்சருக்கு வழிகாட்டும் நாய் ஒன்று வந்திருக்கிறது. நான்கு வருடமாக என் கையைப் பிடித்து நடந்தவர், இப்போது அதன் வாரைப் பிடித்து நடக்கிறார். நான் பையைச் சுமந்துகொண்டு பின்னால் போகிறேன்.

நேற்று மருந்துக்கடை வாசலில் காவலாளி மறித்தார்.

"நாயெல்லாம் உள்ள விடமாட்டோம்மா."

எனக்கு மனசு குளிர்ந்தது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

"அது என் கண்ணுப்பா," என்றார் டீச்சர்.

"அப்ப இவங்க?"

"கூட வந்தவங்க."

சுருக்கென்றது. ஆனாலும் அவர் வாசலில் தவிப்பதைப் பார்க்க முடியவில்லை. "பழக்கின நாய்ங்க, நம்மளவிட ஒழுங்கா இருக்கும்," என்று நானே வாதாடி உள்ளே கூட்டிப்போனேன். ஏதாவது குறை கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பாழாய்ப்போனது, அவர் காலடியைவிட்டு அசையவில்லை. நாயிடம் பொறாமைப்படுகிறாளே என்று சிரிக்காதே.

வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லை. அதற்குச் சமைக்கத் தெரியாது.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பு, செருப்பு வாங்க வேண்டும். ரோட்டைத் தாண்டும்போது இப்போது யார் கையைப் பிடித்துக்கொள்கிறாள் என்றும் எழுது.

டீச்சர் கூப்பிடுகிறார். நாயைக் குளிப்பாட்டுவது என் தலையில்தான்.

உன் மகள்