ஏழு மணி பஸ் போன பிறகு

சனிக்கிழமை, இரவு பதினொரு மணிக்கு எழுதுவது.

அக்கரப்பத்தனைக்குப் போகும் ஏழு மணி பஸ் ஹாரன் அடித்தது. பழக்கதோஷத்தில் கடை ஷட்டரை இழுத்துவிட்டேன். அந்த பஸ் போனால் ஹட்டன் டவுன் அடங்கிவிடும் என்பது என் இருபது வருட நினைப்பு.

உள்ளேயிருந்து சிரிப்பு. "அண்ணே, நாங்க இன்னும் துணி பாத்துக்கிட்டு இருக்கோம்!" தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் மூன்று பேர்.

"பஸ்ஸ விட்டுட்டீங்களேம்மா?"

"பத்து மணிக்கு ஒண்ணு விட்டிருக்காங்கண்ணே. கொத்து ரொட்டி சாப்பிட்டுட்டுத்தான் போவோம்."

அவர்கள் எடுத்து முடிக்க எட்டு மணி ஆனது. வெளியே வந்து மலைத்துப்போனேன். தெரு முழுக்க விளக்கு, பாட்டு, திருவிழாக் கூட்டம். என் படியை ஒட்டி ஒரு கொத்து வண்டி காத்து நின்றது. வண்டிக்காரர் தயங்கிக் கேட்டார்: "மொதலாளி, இன்னைக்கு பூட்டலீங்களா?"

இத்தனை நாளும் நான் பூட்டிப் போன பிறகு என் வாசலில் இவ்வளவு வெளிச்சமா!