இரண்டு இடத்தில் சுகுணா

கம்பைநல்லூர்,
9-2-2025

அன்புள்ள சுகுணாவுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ போனை எடுப்பதில்லை, அதனால் தபால். புளி வரத்து தொடங்கிவிட்டது. மண்டியில் நின்று நின்று இடுப்பு விட்டுப்போகிறது.

குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நம் குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறோம். எழுதும் வேலை என் தலையில். நேற்று அச்சகத்தில் யுவராணி கேட்டாள்: "ஒரே பேரு ரெண்டு எடத்துல வருதுங்களேண்ணா, ஒண்ண எடுத்துடட்டுங்களா?"

தங்கம்மாள் அக்காவின் மகளாக ஓர் இடம், என் மனைவியாக ஓர் இடம். அக்கா மகளைக் கட்டியவன் என்றேன். சிரித்தாள். நாம் பிரிந்து ஏழு வருஷம் ஆனதைச் சொல்லவில்லை. இரண்டும் இருக்கட்டுமா?

மாமா,
மாதேஷ்

பென்னாகரம்,
16-2-2025

மாமாவுக்கு,

இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்!

அம்மாவுக்குக் கீழே மட்டும் என் பெயர் போதும். மற்றதை எடுத்துவிடச் சொல்லுங்கள். அங்கன்வாடியில் பிள்ளைகளோடு கத்திவிட்டு இப்போதுதான் வந்தேன். இதற்கு மேல் எழுதத் தெம்பில்லை.

சுகுணா

கம்பைநல்லூர்,
21-2-2025

சுகுணா,

எடுக்கச் சொல்லத்தான் போனேன். அப்படியானால் என் பெயருக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு அம்மா யார் என்று யுவராணி கேட்கிறாள். பெயர் வைக்குமுன்பே போய்விட்டதால் 'ஆண் குழந்தை' என்று போட்டிருந்தேன். அம்மா இல்லாமல் அவனை எப்படி எழுதுவேன்?

புத்தகத்தில் இருந்தால் போதும். வீட்டுக்கு வா என்று கேட்கவில்லை. கேட்கவில்லை என்று எழுதினாலும் கேட்கிறேன் என்பது உனக்குத் தெரியும்.

மாதேஷ்

பென்னாகரம்,
3-3-2025

மாமா,

எழுதி எழுதிக் கிழித்துப்போட்டேன், அதனால்தான் தாமதம்.

இரண்டு இடமும் இருக்கட்டும். சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளை தங்கவில்லை என்று உங்கள் பங்காளிகள் என்னை எதிரில் உட்காரவைத்துப் பேசினார்கள். நீங்கள் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபமெல்லாம் போய்விட்டது, அசதிதான் மிச்சம். அசதியை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது மாமா. நான் வரமாட்டேன்.

'ஆண் குழந்தை' என்பதை மாற்றச் சொல்லுங்கள். வயிற்றில் இருந்தபோதே அவனுக்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். உங்களிடம்கூடச் சொன்னதில்லை. இளம்பரிதி. பிழை இல்லாமல் அடிக்கச் சொல்லுங்கள்.

கும்பாபிஷேகத்துக்கு அம்மாவோடு வருவேன். எனக்கு ஒரு புத்தகம் எடுத்து வையுங்கள்.

உங்கள் அக்கா மகள்,
சுகுணா